காலைக் கேட்ட தாடை

அத்தியாயம் ஒன்பது

மத்தியானம் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளில், காலையிலேயே மனிதர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"ஒரே ஒரு கிளாஸ்தான். அந்தப் பொண்ணுக்கு ரிவர்ஸ் எடுக்க வரவே இல்ல. சொல்லிக் கொடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்" என்று வாசலில் நின்றபடி சொன்னார். சொன்னார் என்பதைவிட முணுமுணுத்தார் என்பதுதான் சரி. இடது கன்னம் வீங்கியிருந்தது. வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் இப்போதெல்லாம் திறக்கிறது.

அவர் பெண்டாட்டி தடுக்கவில்லை. தடுத்திருந்தால் மட்டும் கேட்டுவிடுவாரா என்ன?

விட்ட இடத்தை ஒரு தரம் தொட்டுவிட்டு நகர்வோம். ஊரே 'மாஸ்டர்' என்று கூப்பிடுகிற மனிதர் அவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக்கும் கிளட்சும் வைத்துக்கொண்டு, அந்த வட்டாரத்தில் பாதிப்பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர். கடைவாய்ப் பல் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்துகிறது என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கினார். பிடுங்கின குழி ஆறவில்லை. சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த முடிவில், ஈறில் ஆரம்பித்த புற்று தாடை எலும்புக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு டாக்டர்கள். மகள் அவர்களுக்குப் பேர் வைத்துவிட்டாள். கட்டியை எடுக்கப் போகிறவர் 'வெட்டும் டாக்டர்'. எடுத்த இடத்தை நிரப்பப் போகிறவர் 'ஒட்டும் டாக்டர்'. அழாமல் இருக்க அவளுக்குத் தெரிந்த வழி அது.

வெட்டும் டாக்டர் தன் பங்கைப் போன வாரமே சொல்லி முடித்துவிட்டார். இடது காதுக்குக் கீழே தொடங்கி முகவாய் வரைக்கும் எலும்பு போக வேண்டும். அதில் பேரம் கிடையாது. போன இடத்தில் என்ன வைப்பது? அதைப் பேசத்தான் இன்றைக்கு.

மாஸ்டரின் பெண்டாட்டி கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்களின் முகத்தை அளந்து, பிரேமை வளைத்து, காதில் உட்கார வைக்கிற வேலை. யாருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பார்க்கிறவனுக்கு நேராகத் தெரிகிற மூக்கெல்லாம் அளந்தால் கோணல்தான். பிழைக்கிற பிழைப்பே கோணலைச் சரிக்கட்டுவதுதான் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். இந்த ஒரு மாதமாக அப்படிச் சிரிக்கவில்லை.



ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளும் மகளும் காத்திருந்தார்கள். மகள் ஆபீசில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருந்தாள். காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா வருவாராம்மா?"

"வருவார்."

"கிளாஸ் முக்கியமாம் கிளாஸ்! வீடு பத்தி எரியறப்ப செடிக்குத் தண்ணி ஊத்தற மனுஷன்."

"சும்மா இருடி. அந்த நேரத்துக்காவது எல்லாத்தையும் மறந்திருப்பார்."

பேர் கூப்பிடுகிற சமயத்துக்கு மாஸ்டர் வந்து சேர்ந்தார். கையில் கார்ச்சாவி. அதைச் சட்டைப்பையில் போடாமல் விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

ஒட்டும் டாக்டர் ஒரு பெண். அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குட்டையாக இருந்தார். நிறுத்தி நிதானமாகப் பேசினார். மேஜைமேல் வெளிர் மஞ்சளாக ஒரு தாடை இருந்தது. பிளாஸ்டிக் தாடை. இடது பக்கத்தில் கருப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தது.

"இது உங்க தாடைதான் மாஸ்டர். உங்க ஸ்கேனை வெச்சு மெஷின்ல செஞ்சது. பல் போன குழிகூட அப்படியே இருக்கு பாருங்க."

மாஸ்டர் தொடவில்லை. மகளும் தொடவில்லை. அவள்தான் எடுத்துப் பார்த்தாள். ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியின் கனம்கூட இல்லை. வலது பக்கத்து மேடு இடது பக்கத்தைவிடச் சற்று அகலம். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் இது தன் கண்ணில் படவே இல்லையே என்று நினைத்தாள். மெல்ல மேஜைமேல் வைத்தாள்.

"இந்தக் கோட்டுலேருந்து இந்தக் கோடு வரைக்கும் போயிடும்" என்றார் டாக்டர். "ஒண்ணுமே வைக்காமலும் தைக்கலாம். பின்பக்கம் மட்டும் போனா சில பேருக்கு அப்படி விடறதுண்டு. உங்களுக்கு முகவாய் வரைக்கும் போகுது. அப்படியே விட்டா, மிச்சத் தாடை இந்தப் பக்கமா இழுத்துக்கும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சந்திக்கவே சந்திக்காது. அதனால அதை விட்டுடுவோம்."

"அடுத்தது?" என்றாள் மகள்.

"உலோகத் தகடு. இந்த இடத்துல வளைச்சுத் திருகிடுவோம். மேல நெஞ்சுச் சதையைத் திருப்பிக் கொண்டுவந்து மூடுவோம். ஆபரேஷன் சீக்கிரம் முடியும். ஆனா அப்புறம் ரேடியேஷன் இருக்கு. ரேடியேஷன் பட்ட தோலைத் தகடு உள்ளேருந்து உரசிக்கிட்டே இருக்கும். சில பேருக்கு வெளியே எட்டிப் பார்க்கும். சில பேருக்கு உடைஞ்சே போகும். அதுல பல்லும் வைக்க முடியாது."

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு, தன் காலையே நீட்டி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக விரலை ஓட்டிக் காட்டினார்.

"மூணாவது, கால் எலும்பு. இங்க ரெண்டு எலும்பு இருக்கு. உடம்புக் கனத்தைத் தாங்கறது தடிச்ச எலும்பு. வெளிப்பக்கம் இருக்கறது மெலிசு. அது இல்லாமலும் நடக்கலாம். அதை அதோட ரத்தக்குழாயும் கொஞ்சம் தோலுமாச் சேர்த்து எடுத்து, துண்டு போட்டு, தாடை மாதிரி வளைச்சு, கழுத்து ரத்தக்குழாயோட தைச்சுடுவோம். உயிருள்ள எலும்பு. தானா ஒட்டிக்கும். பின்னாடி அதுலேயே பல்லும் திருகி வைக்கலாம்."

"ஆபத்து?" அவள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"காலையில ஆரம்பிச்சா இருட்டற வரைக்கும் ஆகும்மா. நூத்துல அஞ்சாறு பேருக்குத் தைச்ச குழாய் அடைச்சுக்கும். அப்ப திரும்பத் தியேட்டருக்கு எடுத்துட்டுப் போகணும். காப்பாத்தவும் செய்யலாம், கைவிட்டும் போகலாம். பொய் சொல்ல மாட்டேன்."

"நீங்க எது நல்லதுன்னு சொல்றீங்க?" என்றாள் மகள்.

டாக்டர் பதில் சொல்வதற்கு முன் மாஸ்டரைப் பார்த்தார்.

"நான் மூணாவதைத்தான் சொல்லுவேன். ஆனா ஸ்கேன் எடுத்தப்பவே மாஸ்டர்கிட்ட ரெண்டையும் பத்திச் சொல்லியிருக்காங்க; நேத்து சாயங்காலம் அவர் போன் பண்ணி, தகடே போதும்னு முடிவு பண்ணிட்டோம்னு சொல்லிட்டாரே. வீட்டுல பேசிட்டுத்தான் சொல்றார்னு நினைச்சேன். இல்லையா?"

மாஸ்டர் விரலில் சுற்றிக்கொண்டிருந்த சாவி நின்றது.

முடிவு பண்ணிட்டோம். அந்த 'ட்டோம்' அவள் தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது.

"அப்பா!" மகள் எழுந்தே விட்டாள். "எப்ப பேசினோம்? யாரோட பேசினீங்க?"

"கத்தாதே."

"கத்தாம? தகடு வெளியே வரும்னு சொல்றாங்க. உடையும்னு சொல்றாங்க. உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா?"

"கால் என் பொழப்பு." மாஸ்டர் டாக்டரைப் பார்த்தே சொன்னார். ஒவ்வொரு சொல்லும் பல்லிடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. "கத்துக்கறவன் தப்புப் பண்ணா கண்ணு பார்க்கறதுக்கு முந்தி கால் பார்க்கணும். கிளட்ச் ஒரு கால், பிரேக் ஒரு கால். இதுல ஒண்ணைக் கொடுத்துட்டு நான் வீட்டுல குந்திக்கிட்டு என்ன பண்றது?"

டாக்டர் எதிர்த்துப் பேசவில்லை. "கால் ரத்தக்குழாய் ஸ்கேன் எடுத்தாச்சு. ரிப்போர்ட் இன்னும் என் கைக்கு வரல. எப்படியும் ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை. நாளைக்குக் காலையில முடிவைச் சொன்னா போதும். வெளியே ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்க. இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. நான்தான் வரச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசிப் பாருங்க."

"எனக்கு யாரையும் பார்க்க வேண்டாம்" என்று எழுந்தார் மாஸ்டர். "வண்டியில இருக்கேன்."



வராந்தாக் கடைசியில் உட்கார்ந்திருந்தவளுக்கு நடுத்தர வயது. காக்கிச் சட்டை. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். ஒரு பக்கக் கன்னம் கொஞ்சம் தட்டை, தாடைக்குக் கீழே ஓரமாக ஒரு தழும்பு. அளந்து பழகிய கண்ணுக்கே உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

"வாங்கக்கா, உட்காருங்க. மூணு மணிக்குப் பசங்களை ஏத்தணும். அதுவரைக்கும் என்ன வேணா கேளுங்க" என்றாள். 'ப' வருகிற இடத்திலெல்லாம் உதடு கொஞ்சம் தடுக்கியது.

"வலிச்சுதா?" மகள் கேட்டாள்.

"வாய் நினைச்ச அளவுக்கு வலிக்கல. கால்தான் முதல் வாரம் உயிரை வாங்கிச்சு. தொண்டையில ஓட்டை போட்டு மூச்சு விட வெச்சிருந்தாங்க. பேச்சு கிடையாது. மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பார்ப்பாங்க, சதை சிவப்பா இருக்கான்னு. எனக்குப் பேச முடியாத அந்த நாள்தான் எங்க வீட்டுக்காரர் நிம்மதியா இருந்த ஒரே நாள்னு இன்னிக்கும் சொல்லிக் காட்டறார், படுபாவி."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மறைக்காம சொல்லுங்க" என்றாள் அவள்.

"சரி, சொல்றேன். கீழ் உதட்டுல இந்தப் பக்கம் உணர்ச்சி இல்ல. தண்ணி வழிஞ்சாலும் தெரியாது. அதனால கைக்குட்டை கையை விட்டு இறங்காது. கெட்டியா எதையும் மெல்ல முடியல. கால் கட்டைவிரல் சரியா மடங்காது. அப்புறம்..." குரலைத் தாழ்த்திக் கொண்டாள். "கால் தோலைத்தானே வாய்க்குள்ள வைக்கறாங்க? அது அங்கயும் போய்க் கால் புத்தியைக் காட்டும். முடி முளைக்கும்க்கா."

"வாய்க்குள்ளயா?"

"பின்னே? சோத்துல கிடந்தா தூக்கிப் போடலாம், வாயிலயே முளைச்சா எங்க போடறது? எங்க பெரியவதான் சின்னக் குறடு வெச்சுப் பிடுங்கி விடுவா. ரேடியேஷன் கொடுத்தப்புறம் அதுவும் நின்னு போச்சு."

"பஸ்ஸுல கிளட்ச்..."

"இதே கால்தான் மிதிக்குது." இடது காலைத் தரையில் தட்டிக் காட்டினாள். "ரெண்டு மாசம் ஊன்றுகோல், அப்புறம் மெதுவா நடை. அடுத்த மூணு மாசத்துல வண்டியில ஏறிட்டேன். பல்லுதான் இன்னும் வைக்கல. அடுத்த வருஷம் வைக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

அடுத்த வருஷம். ஏதோ சுவருக்கு வெள்ளை அடிக்கிற பேச்சு மாதிரி அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு, கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டாள். அந்த 'அடுத்த வருஷம்' என்கிற வார்த்தையைத் தங்கள் வீட்டில் யாரும் கொஞ்ச நாளாக உச்சரிக்கவே இல்லை என்பது மாஸ்டரின் பெண்டாட்டிக்கு அப்போதுதான் உறைத்தது.

மகள் ஆபீசுக்குக் கிளம்பினாள். "நீயே பேசும்மா. நான் பேசினா சண்டையில முடியும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.



கார் ஆஸ்பத்திரி வளாகத்தின் ஓரத்தில் நின்றது. கூரைமேல் 'பயிற்சி வாகனம்' பலகை. மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். மாஸ்டர் எப்போதும் உட்காருகிற இருக்கை அது.

ஊருக்கெல்லாம் வண்டி சொல்லிக்கொடுத்தவரின் பெண்டாட்டிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தார். ஊராருக்குப் பொறுமையின் சிகரமாக இருந்த மனிதர், பெண்டாட்டிக்கு மட்டும் கொதிக்கிற உலையாக இருந்தார். கும்பிடு போட்டு இறங்கியவள் இறங்கியவள்தான்.

"அந்த அம்மா ஸ்கூல் பஸ் ஓட்டறாங்க" என்றாள்.

அவர் வண்டியைக் கிளப்பினார்.

"எலும்பு எடுத்த காலாலதான் கிளட்ச் மிதிக்கறாங்க."

வண்டி நகர்ந்தது. "வீட்டுல போய்ப் பேசலாம்."

"வீட்டுல பேச மாட்டீங்க. டிவியைப் போட்டுப்பீங்க."

"இப்ப எனக்குப் பேச முடியல. வாய் வலிக்குது."

"நேத்து டாக்டருக்குப் போன் பண்ணப்ப வலிக்கலையா?"

அவர் வாசலைப் பார்த்து வண்டியைத் திருப்பினார். அவள் காலடியில் அந்த இன்னொரு பிரேக் இருந்தது. யோசித்துச் செய்தாளா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. செருப்புக் காலை அதன்மேல் வைத்து ஓங்கி மிதித்தாள்.

வண்டி குலுங்கி, இரண்டு தரம் முக்கி, நின்று போனது.

"என்ன பண்றே?"

"பிரேக் போட்டேன். பக்கத்துல இருக்கறவங்க தப்பான வழியில போனா போடறதுக்குத்தானே இதை வெச்சிருக்கீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் காலை எடுக்கவில்லை.

"கால் பொழப்புன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்க. அது போச்சு. அந்த அம்மா கதையைச் சொல்லியாச்சு. இப்ப நிஜத்தைச் சொல்லுங்க. ஏன் எலும்பு வேண்டாம்?"

ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே வந்து ஆளை இறக்கிவிட்டு வெளியே போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லு எப்ப வைப்பாங்க தெரியுமா?" என்றார் கடைசியில். "ரேடியேஷன் முடியணும். ஆறணும். அடுத்த வருஷமோ, அதுக்கடுத்த வருஷமோ. அதுவரைக்கும் நான் இருக்கணுமே. நாலு நாள் தங்கப்போற வீட்டுக்கு எதுக்கு அஸ்திவாரம் தோண்டறது? தகடு போதும். எனக்கும் சீக்கிரம் முடியும், நீயும் அந்த வராந்தாவுல பொழுதெல்லாம் உட்கார வேண்டாம்."

"நாலு நாள்னு எந்த டாக்டர் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல."

"அப்புறம்?"

"அதான். யாரும் எதுவும் சொல்லலையே."

கால் வேண்டாம் என்று அவர் அடம் பிடித்ததை அவள் இவ்வளவு நேரமாகப் பயம் என்றுதான் நினைத்திருந்தாள். பயமாக இருந்தால் பரவாயில்லையே. இந்த மனிதர் தன் கணக்கைத் தானே மூடிவிட்டு, மூடின கணக்குப் புத்தகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறார்.

"காலையில ரிவர்ஸ் சொல்லிக் கொடுத்தீங்களே, அந்தப் பொண்ணுக்கு டெஸ்ட் எப்போ?"

"எதுக்கு?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"இப்ப இல்ல. செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் எனக்கு முடியாதுன்னு தள்ளி வெச்சிருக்கேன். நான் திரும்பி வந்து..."

சொல்ல வந்தது பாதியில் நின்றது. அவர் காதிலேயே அது விழுந்துவிட்டது.

"ம்... திரும்பி வந்து?" என்றாள் அவள். "அவளுக்குன்னா திரும்பி வருவீங்க. எனக்குன்னா மட்டும் நாலு நாள்தானா?"

மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"உங்க மூஞ்சி கோணிப் போகும்னு நான் பயப்படல. தினம் நூறு கோணல் மூஞ்சியைப் பார்க்கறவ நான். தகடுதான் நல்லதுன்னு பட்டு நீங்க கேட்டிருந்தா, அதுக்கும் தலையாட்டியிருப்பேன். ஆனா முடிவு பண்ணிட்டோம்னு சொல்லியிருக்கீங்க. அந்த 'ட்டோம்'ல நான் எங்க இருக்கேன்? காட்டுங்க."

கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். செக்யூரிட்டி.

"சார், வழியை அடைச்சுக்கிட்டு நிக்கறீங்களே. வண்டி கத்துக்கறதுக்கு ஆஸ்பத்திரி உள்ளதான் இடம் கிடைச்சுதா சார்? பெரியவங்க, உங்களுக்கே தெரிய வேண்டாமா?"

மாஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்க முடியாமல் வலித்தது. கன்னத்தைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கோத்தது. அது சிரிப்பிலா, வலியிலா, வேறெதிலாவதா என்று அவள் ஆராயப் போகவில்லை.

"காலை எடு" என்றார். "வண்டியைக் கிளப்பணும்."

அவள் எடுத்தாள்.

மெயின் ரோடு வந்து, சிக்னலில் நின்றபோது கேட்டார். "அந்த அம்மா வேற என்ன சொன்னாங்க?"

முடி முளைக்கிற கதையைச் சொன்னாள்.

"யார் பிடுங்கறது?"

"கடையில கண்ணாடிக்கு மூக்குத்தாங்கி மாத்தறதுக்கு ஒரு குட்டிக் குறடு இருக்கு. அது போதும்."

பச்சை விழுந்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். மாஸ்டர் வண்டியை எடுக்கிற அவசரத்தோடு அவசரமாகச் சொன்னார்: "டாக்டருக்குப் போன் போடு. இடது காலை எடுத்துக்கச் சொல்லு."

டாக்டர் தியேட்டரில் இருந்தார். போனை எடுத்த நர்ஸ் விஷயத்தை இரண்டு தரம் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.



சாயங்காலம் வீடு கொஞ்சம் மூச்சு விட்டது.

மகள் ஆபீசிலிருந்து நேராக வந்தாள். சேதி கேட்டதும் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "தாடையாகப் போற கால். இதுக்கு மேல இதைத் தரையிலேயே வைக்கக் கூடாது" என்றாள்.

"பேசறப்ப சாக்ஸ் போட்டுக்கணும்" என்றார் மாஸ்டர்.

அவள் அடுப்படியில் சூப்பை வடிகட்டிக் கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் கேட்டது.

போன் அடித்தது. ஒட்டும் டாக்டர். மகள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேஜைமேல் வைத்தாள்.

"மாஸ்டர், நீங்க சொல்லி அனுப்பினது கிடைச்சுது. சந்தோஷப்பட்டேன்." டாக்டரின் குரலில் அந்தச் சந்தோஷம் இல்லை. "ஆனா ஸ்கேன் ரிப்போர்ட் இப்பத்தான் கைக்கு வந்தது. எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கோம்" என்றாள் அவள். கரண்டி இன்னும் கையில் இருந்தது.

"பாதத்துக்கு ரத்தம் மூணு குழாய் வழியாப் போகும். உங்களுக்கு அதுல ரெண்டு ரொம்ப மெலிசு, பாதி வழியிலேயே நின்னு போகுது. நடுவுல இருக்கற ஒண்ணுதான் பாதத்தையே காப்பாத்துது. எலும்போட நான் எடுக்க வேண்டியதும் அதே குழாய்தான்."

"எடுத்தா?" மகள் கேட்டாள்.

"பாதம் போயிடும்."

"அப்ப வலது கால்?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்மா. சில பேருக்குப் பிறவியிலேயே இப்படி. நடக்கறப்பவோ ஓடறப்பவோ தெரியவே தெரியாது. கால் எலும்பை மறந்துட வேண்டியதுதான்."

மாஸ்டர் தன் காலை மகள் மடியிலிருந்து மெல்ல இறக்கிக் கீழே வைத்தார். "தரமாட்டேன்னு சொன்ன வரைக்கும் கேட்டாங்க. தர்றேன்னதும் வேண்டாம்னுட்டாங்க" என்றார் யாரையும் பார்க்காமல்.

"இன்னும் ஒரு வழி இருக்கு" என்றது போன். "முதுகுல தோள்பட்டை எலும்பு. அதோட வெளி ஓரத்தைக் குழாயோட எடுக்கலாம். ஆனா சில விஷயம் சொல்லணும். நடுவுல உங்களைப் புரட்டிப் படுக்க வைக்கணும், அதனால ஆபரேஷன் இன்னும் நீளும். கால் எலும்பு அளவுக்குக் கனமான எலும்பு கிடைக்காது. பல்லு வைக்க முடியும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அந்தப் பக்கத்துக் கையைத் தூக்கறது கொஞ்ச மாசம் சிரமம், முழுசா பழையபடி வராமலும் போகலாம். இல்லேன்னா, நீங்க முதல்ல சொன்ன தகடு. செவ்வாய்க்கிழமையைத் தள்ள முடியாது மாஸ்டர். கட்டி நமக்காகக் காத்திருக்காது. காலையில கூப்பிடுங்க."

போன் ஓய்ந்தது. அடுப்பில் சூப் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை.

"தகடே போட்டுக்கலாம்ப்பா." மகள்தான் சொன்னாள். மத்தியானம் தகடு உடையும் என்று எழுந்து நின்று கத்தினவள். இப்போது அவள் குரல் குழந்தைக் குரலாகச் சுருங்கியிருந்தது. "பல்லும் வைக்க முடியாதுன்னா எதுக்கு அவ்வளவு பெரிய ஆபரேஷன்? கையும் போய்... மயக்கத்துலேயே ஏதாவது ஆச்சுன்னா? வேண்டாம்ப்பா. அம்மா, சொல்லேன்."

மாஸ்டர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். உயிருள்ள எலும்பு, தானாக ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதும், தகடு வெளியே எட்டிப் பார்க்கும் என்று சொன்னதும் மாறி மாறிக் காதில் ஓடிக்கொண்டிருந்தன. எதைச் சொன்னாலும், நாளைக்கு அது தப்பாகப் போனால் தாங்கிக்கொள்ள வேண்டியது அவள்தான்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைக்க எழுந்து போனாள்.

அவள் போய்க் கணவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவர் முன்பக்கம் குனிந்து, முழங்கைகளை முட்டிமேல் ஊன்றி உட்கார்ந்திருந்தார். பனியனுக்கு மேலே அவள் கை அவர் முதுகில் படிந்தது. தானாகவே நகர்ந்து, தோள்பட்டை எலும்பின் விளிம்பைத் தொட்டு நின்றது.

"அங்க என்ன தேடறே?"

"எலும்பை."

அவர் அந்தப் பக்கத்துக் கையை மெதுவாக மேலே தூக்கினார். தோலுக்கடியில் எலும்பு வழுக்கி நகர்ந்து அவள் விரல்களுக்குள் வந்தது. மெலிசாகத்தான் இருந்தது. ஆனாலும் உறுதியாக இருந்தது.

"இந்தக் கையாலதான் கியர் போடறேன்" என்றார்.

தூக்கின கையை அவர் இறக்கவில்லை. அவளும் விரலை எடுக்கவில்லை.